ஏரி திறந்த வாரம்

எங்கள் ஊருக்குத் தெரு ஒன்றே ஒன்று.
ஏழு கிலோமீட்டர்.
இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கமும் வீடுகள்,
கீழண்டை வீடுகளின் முதுகில் ஏரி.
குறுக்குச் சந்து கிடையாது.
சண்டை போட்டவர்களுக்கு ஏற்ற ஊரில்லை.

குளிர்காலத்தில் சமாளித்துவிடலாம்.
பெய்ப்சி ஏரி இறுகிக் கிடக்கும்.
உலித்தா தெருவில் வந்தால்
நான் ஏரிமேல் போவேன்,
கடைக்கு, ஜெபவீட்டுக்கு,
கப்பிதோன் மீனுக்குப் புகைபோடும் கொட்டகைக்கு.
நான்கு வருடம் இப்படித்
தண்ணீர்மேல் நடந்தே
கூடப்பிறந்த அக்காவிடமிருந்து தப்பித்தேன்.
வேதத்திலும் ஒருவர் நடந்திருக்கிறார்;
அவர் காரணம் வேறு.

ஏப்ரலில் ஏரி கைவிட்டுவிடும்.

முதலில் சத்தம்தான்.
நடுராத்திரியில் யாரோ பரணில்
பீங்கான் தட்டுகளை இழுப்பதுபோல்.
பிறகு பனி ஊசி ஊசியாய் உதிரும்,
அலை தொட்டால் கிணுகிணுக்கும்.
ஒரே ஒரு கொண்டல் காற்று போதும்,
பாளம் பாளமாய்க் கரையேறி
வேலியைத் தின்று
லுகேரியாவின் குளியல் கொட்டகை வாசலில்
விருந்தாளி மாதிரி நிற்கும்.

அதன்பின் என் மாலை நடை
தெருவோடுதான்.
முழங்காலுக்கு நாற்பது நிமிடம், தினமும்.
டாக்டரிடம் சொல்ல முடியுமா
எங்கள் தெருவில் அக்கா இருக்கிறாள் என்று?

வாய்க்கால் ஓரத்தில்
இலைக்கு முன்னே பூத்துவிட்டது அந்த மஞ்சள் பூ.
தாயும் மாற்றாந்தாயும் என்று பெயர் அதற்கு.
பின்னால் வரும் இலையில்
ஒரு பக்கம் வெதுவெதுப்பு, ஒரு பக்கம் சில்லிப்பு.
அக்கா தங்கைக்கும்
ஒரு செடி வைத்திருக்கலாம்.

மின்கம்பத்தில் நாரை வந்துவிட்டது.
போன வருடக் கூட்டைச் சுற்றிப் பார்த்து
ஒரு குச்சியை எடுத்து
அதே இடத்தில் வைத்தது.
வெங்காயப் பாத்திகளில் ஆவி பறக்கிறது.
ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படிக் கூடையில்
விதைவெங்காயம் சூடேறிக்கொண்டிருக்கும்.
மண்ணுக்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை.

எங்கள் வழக்கும் வெங்காயம்தான்.
இரண்டு பாத்திக்கு நடுவே ஒரு சால்.
தண்ணீர் வடிய அப்பா வெட்டியது.
உலித்தா தன் பக்கம் அகலப்படுத்தினாள் என்று நான்,
என் பக்கம் சரிந்தது என்று அவள்.
ஒரு மண்வெட்டி அகலம்.
அதில் நான்கு வருடம் முளைத்து,
அறுத்து, பின்னி,
உத்தரத்தில் தொங்குகிறது.

வியாழக்கிழமை
தெரு தாழ்ந்த இடத்தில் ஏரி ஏறி நின்றது.
கப்பிதோன் நீளமாய் ஒரு பலகை போட்டிருந்தார்.
நான் பாதி கடந்துவிட்டேன்.
தலை நிமிர்ந்தால், அவள்.
அவளும் பாதி.

யார் திரும்புவது?
எங்கள் காலடியில் பலகை வளைந்து
நடுவில் தண்ணீரைத் தொட்டது.
அவள் கையில் கெண்டையோ ஏதோ, காகிதப் பொட்டலம்,
எண்ணெய் ஊறியிருந்தது.
நரைத்திருக்கிறாள். என்னைவிட அதிகம்.
அதில் எனக்கொரு சந்தோஷம், மறைப்பானேன்.

தூரத்தில் கொக்குகள் கத்தின.
உலித்தா கீழே பார்த்தாள்,
பிறகு ஒன்றும் சொல்லாமல்
வலது காலைத் தண்ணீரில் இறக்கினாள்.
அந்த பூட்ஸ் எனக்குத் தெரியும்.
குதிகாலில் ஓட்டை.
பனி கரைந்து ஒரு வாரம்கூட ஆகாத தண்ணீர்.

அவள் விட்ட வழியில்
நான் எப்படிக் காயாத மூஞ்சியோடு நடப்பது?
நானும் இறங்கினேன், இந்தப் பக்கம்.
முழங்கால் விண்ணென்று தெறித்தது.

முட்டளவுத் தண்ணீரில்
ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.
நடுவில் பலகை,
காலியாக,
ஒரு மண்வெட்டி அகலம்.

"முளை வந்துடுச்சா?" என்றாள்,
பலகையைப் பார்த்து.
"பாதிக்கு," என்றேன்.
அவ்வளவுதான். அவள் வடக்கே, நான் தெற்கே,
சளக் சளக்கென்று.

மறுநாள் பார்த்தால்
கப்பிதோன் பக்கத்திலேயே இன்னொரு பலகை போட்டிருக்கிறார்.
ஊரில் எதுதான் மறையும்?
நான் பழைய பலகையில்தான் போனேன்,
கொஞ்சம் மெதுவாக,
அவள் வரும் நேரம் பார்த்து.